முன்சீட்டு இல்லாத வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நீ போனை எடுக்கவில்லை என்பதற்காக எழுதவில்லை. வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

ஒரு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 2012 எம்வி-1. படத்தைப் பார்த்தால் சிரிப்பாய், லண்டன் டாக்சிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். ஆனால் சக்கர நாற்காலிக்கென்றே செய்த வண்டி. மற்றதெல்லாம் சியன்னா, கேரவன் மாதிரி சாதாரண வேனை வாங்கித் தரையை வெட்டி இறக்கி விற்பதுதானே. இதை இண்டியானாவில் மிஷவாக்காவில், ஹம்மர் செய்தவர்களின் ஆலையில் செய்தார்கள். 2011-ல் வந்தது. முதல் கம்பெனி 2013-ல் படுத்துவிட்டது. அப்புறம் ஆலைக்காரர்களே எடுத்துச் செய்து 2016-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் என் கைக்கு எட்டுகிற விலை.

இஞ்சின் ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8. அதற்குச் சாமான் கிடைக்கும். பெட்ரோல் நிறையக் குடிக்கும், குடிக்கட்டும், நாங்கள் என்ன தினமுமா ஊர் சுற்றுகிறோம்? பின்சக்கரம் தள்ளி ஓடுகிற வண்டி, மிஷிகன் பனியில் வழுக்கும். பனி டயர் போட்டுக்கொள்கிறேன். நாற்காலியை உருட்டி ஏற்றுகிற சாய்பலகை, அந்த ராம்ப் கெட்டால் சாமானுக்கு எங்கே போவது என்பதுதான் ஒரே பயம். தரைக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் நீளும், 1,200 பவுண்டு தாங்கும். கதவு 56 அங்குல உயரம், அம்மா தலை குனிய வேண்டாம். முப்பது வருஷம் பிரேக் கம்பெனியில் இருந்தவன், வண்டி பார்க்க எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஓட்டுகிறவர் பக்கத்தில் சீட்டே கிடையாது. அந்த இடத்தில்தான் நாற்காலியைப் பூட்டுவார்கள். அம்மா முன்னால், என் பக்கத்தில். "சிக்னல் சிவப்பு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாளே, அப்படி.

பாண்டியாக் கோயிலுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. கடைசியாகப் போனபோது உன்னைக் கேட்டார்கள். சியாட்டிலில் பாலம் கட்டுகிறான் என்றேன். பாலம் கட்டுகிறவனுக்கு அப்பன் வீட்டுக்கு வழி மறந்துவிட்டது என்று சொல்லவில்லை.

நீ அனுப்பிய அந்த முதியோர் இல்லத்துப் புத்தகம் மேஜைமேல் இருக்கிறது. படமெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அங்கே ரசம் வைப்பார்களா என்று அம்மா கேட்டாள். நான் டீவியைப் போட்டேன்.

தம்பி, நவம்பரில் அம்மா பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள் என்று சொன்னேன் அல்லவா? பாத்ரூம் இல்லை. வாசலில். காரிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். நாற்காலிக்கு பிரேக் போடவில்லை. அது பின்னால் நகர்ந்துவிட்டது. என் கையிலிருந்துதான் விழுந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். சரி என்று நானும் இருந்துவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் நீ புத்தகத்தை அப்போதே அனுப்பியிருப்பாய்.

இந்த வண்டியில் தூக்கவே வேண்டாம், உருட்டி ஏற்றிவிடலாம்.

அக்காவிடம் இதைச் சொல்லாதே. வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. வேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பார்க்கப் போகிறேன். அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். முட்டி மடங்குவதில்லை. டார்ச் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா