ஆண்டறிக்கை: எல்லோரும் ஒரே பெல் ஏர் கட்டிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் பழைய அமெரிக்கக் கார்களின் மாதிரிகளைக் கட்டிவரும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நூலக அறையில் நடந்தன. பனிப்புயலால் பிப்ரவரிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கார் கம்பெனிகளிலும் உதிரிபாகக் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் பொறியாளர்கள். பகலெல்லாம் கணினித் திரையில் கார் வரைந்துவிட்டு, இரவில் அடித்தளத்து அறையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் காரை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். இதை என்னவென்று சொல்வது என்று அவர்கள் வீட்டாரே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். கடந்த பொதுக்குழுவில் ஒரு குறை சொல்லப்பட்டது. ஒவ்வொருவரும் வேறு வேறு கிட் (பாகங்களாகப் பெட்டியில் வந்து நாமே ஒட்டிக் கட்டும் மாதிரி) கொண்டுவருவதால் யார் வேலை எப்படி என்று ஒப்பிட முடியவில்லை, பாராட்டிவிட்டுக் காபி குடித்துக் கலைந்துவிடுகிறோம் என்பதுதான் அது. சரி, எல்லோரும் ஒரே கிட்டைக் கட்டுவோம் என்று முடிவானது. தேர்வானது ஏ.எம்.டி. நிறுவனத்தின் 1957 செவ்ரோலே பெல் ஏர். மோப்பார் அணியினர், அதாவது கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் ரசிகர்கள், முகத்தைச் சுளித்தார்கள். ஃபோர்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் அதைவிட அதிகமாகவே சுளித்தார்கள். ஆனாலும் விலை குறைவு, எங்கும் கிடைக்கும், பாகங்களை வார்க்கும் அச்சு பழையது என்பதால் சரிசெய்ய வேண்டிய குறைகளும் ஏராளம் என்ற காரணங்களுக்கு யாரிடமும் பதில் இல்லை.

அளவு 1:25. நிஜ பெல் ஏரின் நீளம் 200 அங்குலம், அதாவது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். மேசையில் அது 20.3 சென்டிமீட்டர். இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறோம். திருப்பிப் போட மறந்துவிடுகிறோம். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜக் காரில் இரண்டரை சென்டிமீட்டர். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய கோடு நிற்குமே, அது கால் மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜக் காரில் அது ஆறு மில்லிமீட்டருக்கு மேல் புடைத்த வரப்பு. அப்படி ஒரு கார் ஷோரூமுக்கு வந்திருந்தால் 1957இல் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டி முடித்த பெல் ஏர்களை ஒரே மேசையில் வரிசையாக வைத்தபோது ஒரு விஷயம் கண்ணுக்குப் பட்டது. கூடுதல் உதிரிகளாக, அமில அரிப்பில் செய்த உலோகத் துண்டுகளையும் அலுமினியத்தில் கடைந்த சக்கரங்களையும் வாங்கிப் பொருத்திய கார்களில் சில, ஒரு கை தூரத்திலேயே பொம்மையாகத் தெரிந்தன. பெட்டியில் வந்ததைத் தவிர எதையும் சேர்க்காமல், கோடுகளைத் தேய்த்து, கதவு இடைவெளிகளைச் சீராகக் கீறி, பெயின்ட்டை மெல்லியதாக அடித்தவை கார்களாகத் தெரிந்தன. வாங்கிச் சேர்ப்பது வேலை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அது இரண்டாவது வேலை. முதல் வேலையைத் தாண்டிக் குதிக்கும் ஆசை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

பெல் ஏரில் கை நடுங்க வைப்பது அதன் பளபளப்புப் பட்டைகள்தான். பக்கவாட்டில் ஓடும் நீண்ட பட்டை, பின்பக்கத்தில் அது விரிந்து அடைக்கும் வரிவரியான அலுமினியத் தகடு, கண்ணாடிகளைச் சுற்றிய விளிம்புகள் எல்லாவற்றையும் ஒட்டும் உலோகத்தாளால் மூட வேண்டும். நம் பக்கத்து ஃபார்மிங்டனில் பிறந்த பேர்-மெட்டல் ஃபாயில்தான் இதற்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. ஏப்ரல் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் செய்து காட்டினார். தாளை வெட்டி, வைத்து, பஞ்சுக்குச்சியால் அழுத்தி, புதிய பிளேடால் ஓரம் சீவ வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு பிளேடு என்பது அவர் விதி. பிளேடில் சிக்கனம் பார்ப்பவர் தாளில் செலவு செய்வார் என்றார். எழுத்துகளுக்கு அவர் வைத்திருந்த உபாயம் பலருக்குப் புதிது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எழுத்தின்மேல் உலோகத்தாளை ஒட்டிவிட்டு, அதற்கு மேல் பெயின்ட் அடித்து, காய்ந்த பின் எழுத்தின் உச்சியில் மட்டும் தின்னர் தொட்டு மெல்லத் துடைக்க வேண்டும். பெயின்ட் போய் எழுத்து மட்டும் மின்னும்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பெல் ஏரின் முன் கிரில் வலை வெள்ளி நிறம் இல்லை, தங்க நிறம். முன் ஃபெண்டரில் உள்ள மூன்று சிறு கோடுகளும், வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கார்களின் பானட்டில் உள்ள ‘வி’ சின்னமும் தங்கம்தான். மலிவான 150, 210 வகைகளிலிருந்து பெல் ஏரைப் பிரித்துக் காட்ட செவ்ரோலே செய்த வேலை அது. குரோம் மீது தெளிவான மஞ்சள் பெயின்ட்டை மெல்லிய பூச்சாக அடித்தால் அந்த நிறம் கிடைத்துவிடுகிறது. பெட்ரோல் மூடியைத் தேடி அலைந்தவர்களுக்கு: அது இடது பக்க வால் துடுப்பின் பின்விளிம்புப் பட்டைக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே தெரியாது. ஆகவே யாரும் பக்கவாட்டில் மூடி கீற வேண்டாம்.

மே, ஜூன் கூட்டங்களை எஞ்சினே எடுத்துக்கொண்டது. செவ்ரோலேயின் 283 கன அங்குல வி-8 ஆரஞ்சு நிறம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை ஸ்பார்க் பிளக் வயரில் வந்தது. நிஜத்தில் ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனான வயர், 1:25இல் 0.3 மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்த மின்கம்பியைச் சொருகினால் எஞ்சின்மேல் தோட்டத்துக் குழாய் ஓடுவதுபோல் ஆகிவிடும். அப்புறம் வரிசை. செவ்ரோலே சிறிய வி-8இல் டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் கருவி, பின்னால், எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் பக்கம் இருக்கிறது. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் ஓட்டுநர் பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஃபோர்டின் சிறிய வி-8இல் டிஸ்ட்ரிப்யூட்டர் முன்னால். அங்கே ஒன்று முதல் நான்கு வரை பயணி பக்கம், ஐந்து முதல் எட்டு வரை ஓட்டுநர் பக்கம். ஃபோர்டு நண்பர்கள் இருவர் பழக்கதோஷத்தில் செவ்ரோலேயை ஃபோர்டு முறையில் இணைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த எஞ்சின்கள் உயிர் பெற்றிருந்தால் புகைதான் வந்திருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒருவர் வாதாடினார். இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

ஆகஸ்டில், மூன்றாவது சனிக்கிழமை, உட்வர்ட் ட்ரீம் குரூஸுக்குக் கூட்டமாகப் போனோம். 1995இல் தொடங்கிய அந்த ஊர்வலத்தில், ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை உட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள். ஊரில் தாத்தா காலத்தில் ‘ப்ளசர்’ என்று சொன்ன வண்டிகளின் உறவுக்காரர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். மற்றவர்கள் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் பானட்டுக்குள் தலையை விட்டு ஹோஸ் கிளாம்ப்பைப் படம் எடுத்தார்கள். உரிமையாளர்கள் பெருந்தன்மையானவர்கள், முகம் சுளிக்காமல் காட்டினார்கள்.

ஆனால் அந்தப் படங்களை நம்புவதில் ஒரு எச்சரிக்கை தேவை. செப்பனிட்டு வைத்திருக்கும் கார்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைவிட மெருகானவை. செவ்ரோலே எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகே ஆரஞ்சு அடித்தார்கள். அதனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரங்களிலும் பெயின்ட் தெறித்திருக்கும், சில நாள் ஓடியதும் அது கருகி உதிரும். இன்றைக்குக் கண்காட்சிக் காரில் அந்தக் கருகலைப் பார்க்க முடியாது. உடம்புப் பெயின்ட்டிலும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தக் காலத்தில் லாக்கர் அடித்து மெருகேற்றியது. ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமல் அடித்துச் சூளையில் சுட்டு அப்படியே அனுப்பின. ஆகவே பெல் ஏரைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது நியாயம். 1957 ஃபோர்டு ஒன்றைக் கண்ணாடிபோல் ஆக்குவது அழகாக இருக்கலாம், ஆனால் அது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய கார் அல்ல. இதை ஏற்காத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கருத்து தவறு என்பது என் கருத்து.

அக்டோபரில் நடந்த வரலாற்றுக் கூட்டம் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்று தயங்காமல் சொல்வேன். நாம் கட்டும் கிட்டுகளில் பெரும்பகுதி பிறந்தது இதே மண்ணில்தான். ஏ.எம்.டி. 1948இல் தொடங்கியது. அதன் தொழிற்சாலை இருந்த டிராய் மேப்பிள் சாலை வழியாகத்தான் நம்மில் பலர் மளிகைக்குப் போகிறோம். ஜோ-ஹான் டெட்ராய்ட்டில் இருந்தது. எம்.பி.சி. 1963இல் மவுண்ட் கிளெமென்ஸில் தொடங்கியது. முதலில் ஏ.எம்.டி. போன்றவர்கள் செய்தது கிட் அல்ல, டீலர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் முழு மாதிரி. புதுக் காரின் நிறத்தில், கைக்கு அடக்கமாக ஒன்று. ஆரம்ப காலத்துப் பிளாஸ்டிக் மாதிரிகள் அசிட்டேட் என்பதால் ஆண்டுகள் போகப் போக வளைந்து நெளிந்துவிட்டன. பிறகுதான் ஸ்டைரீன் பிளாஸ்டிக் வந்தது. 1958இலிருந்து அதே அச்சுகளை வைத்து, ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கிட்டுகளாகவும் விற்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் சோகம். டெட்ராய்ட் ஆண்டுதோறும் காரின் முகத்தை மாற்றியது. கிட் கம்பெனிகளும் அதே எஃகு அச்சை வெட்டி, நிரப்பி, அடுத்த ஆண்டுக் காராக மாற்றின. அதனால் பல கார்கள் அந்த ஒரு ஆண்டோடு முடிந்துபோயின. மறுபடி அச்சடிக்கலாம் என்றால் அச்சே இல்லை. பழைய சீல் உடையாத பெட்டிகள் யானை விலைக்குப் போவதன் காரணம் இதுதான். இப்போது ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை வைத்திருக்கும் இண்டியானாவின் ரவுண்ட் 2 நிறுவனம் சிலவற்றுக்குப் புதிதாக அச்சு வெட்டுகிறது என்பது ஆறுதல். அந்தக் கால ஆண்டுக் கிட்டுகளில் முன்சக்கர அச்சாணி, ஒரு நேரான கம்பி, எஞ்சினின் வயிற்றைத் துளைத்துக்கொண்டே போகும். அந்த ஓட்டையை அடைத்து, சஸ்பென்ஷனைத் தனியாகச் செய்து பொருத்துவது இன்றும் நம்மில் பலருக்குப் பிடித்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

அதே கூட்டத்தில் ஃபிஷர் பாடி கைவினைஞர் சங்கம் பற்றியும் பேசப்பட்டது. 1930 முதல் 1968 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் நடந்த இளைஞர் போட்டி அது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியைச் சிறிதாகச் செய்ய வேண்டும், பின்னாளில் சொந்தமாகக் கார் வடிவம் செய்ய வேண்டும். பரிசு கல்லூரி உதவித்தொகை. அதில் ஜெயித்த பையன்களில் சிலர் பிறகு கார் வடிவமைப்பாளர்களாகவே வந்தார்கள். மேசையில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்குகிறாய் என்று பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் அன்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குளிர்காலப் பயிற்சியில் சில விஷயங்கள் மட்டும். ஜனவரியில் கராஜில் ஸ்பிரே அடிக்காதீர்கள். கேனைக் குழாய் வெந்நீரில் சற்று வைத்து எடுத்து, காற்று வெளியேறும் வசதியுள்ள இடத்தில், ஆவிக்கான முகமூடியோடு அடியுங்கள். சிவப்பு நிற பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக வெள்ளை அடித்து ரோஜா நிறக் கார் பெற்றவர்கள் இந்த ஆண்டும் இருந்தார்கள். சாயம் கசியும், தடுப்புப் பூச்சு கட்டாயம். பழைய வினைல் டயர்கள் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதையும் நினைவூட்டுகிறேன். டயரிலிருந்து வெளியேறும் மென்மையாக்கி ஸ்டைரீனை இளக்கிவிடும். பெட்டிக்குள் டயரைத் தனிப் பையில் போடுங்கள், கார் ஜன்னல்களுக்கான தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகள் பக்கத்தில் விடவே வேண்டாம். இணையத்தில் வாங்கிய ‘முழுமையான’ பழைய பெட்டி ஒன்றில் முன் பம்பரே இல்லை என்று ஓர் உறுப்பினர் புலம்பினார். பணம் திரும்பவில்லை. பம்பரை இன்னொரு உறுப்பினர் தன் உதிரிப் பெட்டியிலிருந்து கொடுத்தார்.

நவம்பர் கண்காட்சியில் பிள்ளைகளுக்குத் தனி மேசை போட்டோம். பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்டுகள், பிளேடு கிடையாது. பிள்ளைகளைவிட அப்பாக்கள் அங்கே அதிக நேரம் நின்றார்கள்.

பரிசு கொடுப்பதா வேண்டாமா என்ற பழைய வழக்கு இந்த ஆண்டும் தீரவில்லை. 1980இல் தொடங்கிய என்.என்.எல். வகைக் கண்காட்சிகளில் நடுவர் கிடையாது. கொண்டுவந்து வைத்துப் பேசிவிட்டுப் போகலாம். அப்படியே நாமும் செய்யலாம் என்று ஒரு தரப்பு. போட்டி இல்லாவிட்டால் யாரும் காரின் அடிப்பக்கத்தைப் பெயின்ட் செய்ய மாட்டார்கள் என்று மறுதரப்பு. இரண்டாவது தரப்பில் உண்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணாடி பிடித்துக் காரின் வயிற்றைப் பார்க்கும் நடுவர் வேலையை இந்த ஆண்டு ஏற்க யாரும் முன்வரவில்லை என்பதால் நடுவர் இல்லாமலே நடந்தது. அடுத்த ஆண்டு முடிவைப் பொதுக்குழுவுக்கு விடுகிறேன்.

அடுத்த ஆண்டும் ஒரே கிட் திட்டம் தொடர வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை. மோப்பார் அணியினரின் நீண்ட நாள் மனக்குறையைத் தீர்க்க, கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹெமி எஞ்சினுள்ள ஏதாவது ஒரு டாட்ஜ் அல்லது பிளிமத். எஞ்சின் அதற்கும் ஆரஞ்சுதான், ஆனால் அது வேறு ஆரஞ்சு. செவ்ரோலே கேனில் மிச்சம் இருக்கிறது என்று யாரும் அதையே அடித்துக்கொண்டு வர வேண்டாம்.

நூலக அறைப் பொறுப்பாளருக்கும், காபிக்குப் பொறுப்பேற்ற குடும்பத்தாருக்கும், உட்வர்டில் வண்டி நிறுத்த இடம் பிடித்துக் கொடுத்த நண்பருக்கும் சங்கத்தின் நன்றி. சங்கத்துக்குச் சொந்தமான கம்ப்ரசரும் இரண்டு ஏர்பிரஷ்களும் கோடையிலிருந்து யாரிடமோ இருக்கின்றன. ஏர்பிரஷ்களைக் கழுவிவிட்டே கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்