பழைய ஒயினைக் குடுவையில் ஊற்றி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பழைய சிவப்பு ஒயினைக் குடுவையில் ஊற்றி மணிக்கணக்கில் வைக்க வேண்டும்’ என்று ஞாயிறு மலரில் வந்த குறிப்பைத் தயவுசெய்து திருத்துங்கள். இளம் ஒயினுக்கு அது சரி. ஆனால் பிரான்சின் பர்கண்டி பகுதியில் விளையும் முதிர்ந்த சிவப்பு ஒயின், அவ்வளவு நேரம் காற்றுப் பட்டால் பாழாகிவிடும்.

பிரான்சின் திஜோன் நகரில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறேன். சென்ற மாதம் 1990ஆம் ஆண்டு ழெவ்ரே-ஷாம்பெர்த்தான் என்ற பர்கண்டி ஒயின் ஒன்றைத் திறந்தோம். வாடிக்கையாளர் எனக்கும் ஒரு வாய் தந்தார். பினோ நுவார் திராட்சையின் சிவப்பு வெளிறி, கிளாஸ் ஓரத்தில் செங்கல் நிறம் தட்டியிருந்தது. முதலில் ஈர மண், காளான், காய்ந்த இலை வாசனை, பிறகுதான் செர்ரி. துவர்ப்பு அடங்கி, பட்டுப்போல் இறங்கியது. அப்பப்பா! ஆனால் அரை மணி நேரத்திலேயே வாசனை மங்கத் தொடங்கிவிட்டது.

வண்டலைப் பிரிப்பதற்காகத்தான் குடுவையில் ஊற்றுவதென்றால், முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வைத்தால் போதும். அடியில் படிந்துவிடும்.

- ஒரு வாசகர், திஜோன்