பாக்கி இருந்த 38 வார்த்தை

பாப்பா,

நல்லா இருக்கியா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற, எடுத்தா கிளாஸ்ல இருக்கேன்ப்பாங்குற, ஞாயித்துக்கிழமை கூடவா கிளாஸு? வாட்ஸ்அப்ல நீளமா அனுப்பினா பாதியிலயே மூடிருவ, மெயில்னா என்னிக்காவது ஒரு நாள் திறப்பன்னு இதுல எழுதுறேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. தம்பி பரீட்சை முடிச்சுட்டான், ஏதோ எழுதியிருக்கான். அவன்தான் சொன்னான், நீ கதை எழுதுற அந்த நீல நோட்டை உன் ரூம் பொண்ணுக்கு ரஃப் நோட்டா குடுத்துட்டியாமே, நிஜமா? பின்னாடி வெத்துப் பக்கம் நிறைய இருக்குன்னு குடுத்தியாம். முன்னாடி எழுதினதை கிழிச்சு வச்சுக்கிட்டியா இல்ல அப்படியே குடுத்துட்டியான்னு கேட்டா அவனுக்குத் தெரியலையாம், நீயே கேளுப்பான்னு என்னை முறைக்கிறான்.

சரி அது இருக்கட்டும். இன்னொரு சிறுகதைப் போட்டி சொன்னேன்ல, காலேஜ் பசங்களுக்கு மட்டும்னு, அதுக்கு இன்னும் 19 நாள் இருக்கு. விதி எல்லாம் போன தடவை மாதிரிதான். சொந்தக் கதையா இருக்கணும், வேற எங்கயும் வந்திருக்கக் கூடாது, ஃபேஸ்புக்ல போட்டிருந்தா கூட வெளிவந்த கதைன்னு எடுத்துக்குவாங்க. கதை இருக்கிற பக்கத்துல உன் பேரு எங்கயும் வரக்கூடாது, பேரு காலேஜ் வருஷம் எல்லாம் தனித்தாள்ல. அந்த காலேஜ்லதான் படிக்கிறன்னு போனஃபைட் சர்டிபிகேட் வேணும். அதை இப்பவே போய் கேட்டு வாங்கி வச்சுக்கோ, கடைசி நாள் போய் நின்னேன்னா கையெழுத்துப் போடுறவர் லீவுல இருப்பார்.

இந்த தடவை நீயே டைப் பண்ணிடு. நான் பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அடிச்சுப் பழகினவன், அதை யூனிகோடுக்கு மாத்தினா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்குது, உன்னோட 11 பக்க போட்டோவைப் பார்த்து அடிச்சு முடிச்சு ஒவ்வொரு கொம்பா சரி பண்றதுக்குள்ள ராத்திரி பத்தரை ஆயிடுச்சு அன்னிக்கு. உனக்கு போன்ல அடிச்சாலே யூனிகோடுதான். எழுதுறதை கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடுற பழக்கம் மட்டும் உங்க அம்மாகிட்ட இருந்து வந்தது.

ஒரு போட்டியில வரலைன்னா என்ன இப்போ. மௌனி மொத்தமே ஒரு 24 கதைதான் எழுதினார், அவரைப் போய் புதுமைப்பித்தன் சிறுகதையோட திருமூலர்னு சொன்னார். நீ இதுவரைக்கும் ஆறு எழுதியிருக்க, நான் எண்ணி வச்சிருக்கேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், என் பொண்ணு எழுதுவான்னு. ரிசல்ட் என்னாச்சுன்னு அவங்க கேக்குறப்போ இன்னும் வரலைன்னு பொய் சொல்றேன். உன்னைக் குத்திக் காட்டுறதுக்காக இதைச் சொல்லல. ஆனா ஒரு லிஸ்ட்ல பேரு இல்லைன்னதும் இனிமே எழுத மாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே, அது என்ன பேச்சு? அதை என்கிட்ட சொல்லல பாரு நீ. என்கிட்ட சொல்லியிருந்தா

சொல்லியிருந்தா நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல பாப்பா.

போன போட்டிக்காரங்க 1500 வார்த்தைக்குள்ளன்னு சொல்லியிருந்தாங்க. உன் கதை டைப் பண்ணி முடிச்சப்போ 1462. 38 பாக்கி. நீ முடிச்சிருந்தது அந்த தையல் மெஷின் வரியில, "ஊசியில் கோத்திருந்த நூலை அறுக்காமலேயே அப்பா மெஷினை மூடினார்." தாத்தா போனப்போ நீ எட்டாவது. கதவுகிட்ட நீ நின்னுட்டு இருந்ததே எனக்குத் தெரியாது, நூல் இருந்ததும் நீ எழுதின பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. படிச்சதும் என்னமோ ஆயிடுச்சு. இந்த ஆளு கல்லு மாதிரி நிக்கிறானே, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு. அப்பா அன்னிக்கு ராத்திரி தாத்தா நாற்காலியில உக்காந்து வாய் விட்டு அழுதார்னு நாலு வரி நானே சேர்த்துட்டேன். 34 வார்த்தை. எண்ணிப் பார்த்துதான் சேர்த்தேன். உன்னைக் கேக்கல, மணி பதினொண்ணே முக்கால்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டு அனுப்பிட்டேன்.

கடைசிச் சுத்து வரைக்கும் வந்த கதைக்கெல்லாம் நடுவர் ரெண்டு வரி எழுதி அனுப்பியிருந்தாங்க. என் மெயில்ல இருந்து போனதால எனக்குத்தான் வந்துச்சு. ஒரு மாசம் ஆச்சு. மெஷினை மூடுற இடத்துலயே கதை முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் வர்ற நாலு வரி வேற யாரோ எழுதின மாதிரி இருக்குன்னு போட்டிருந்தார். கரெக்டா கண்டுபிடிச்சுட்டார் மனுஷன். உன் கதை கடைசிச் சுத்துக்குப் போனதே உனக்குத் தெரியாது, அதைச் சொன்னா மிச்சத்தையும் சொல்லணுமேன்னு மறைச்சு வச்சிருந்தேன். நீ இந்த ஒரு மாசமா உனக்கு எழுத வரலைன்னு நினைச்சுட்டு இருந்திருக்க.

நான் அழவும் இல்ல. தாத்தா போன அன்னிக்கு நான் பாட்டுக்கு ஆளுங்களுக்கு போன் பண்ணிட்டு, வந்த சேரை எண்ணிட்டு, திருப்பி அனுப்புறப்போ ரெண்டு குறையுதுன்னு சேர்க்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு, எல்லாம் முடிஞ்சு மெஷினை மூடிட்டுப் போய் படுத்தேன், நல்லாத் தூங்கினேன். நீ எழுதினதுதான் நடந்தது.

நடுவர் மெயில் இதோட சேர்த்து அனுப்பியிருக்கேன். உன் 1462 வார்த்தை தனி ஃபைலா இருக்கு, அதுல நான் கை வைக்கல, ரெண்டு மூணு கொம்பு மட்டும் தப்பா இருக்கும் பாத்துக்கோ. அந்தக் கதை எங்கயும் வெளிவரல, அதனால அதையே கூட இதுக்கு அனுப்பலாம், இல்ல புதுசு எழுதினாலும் சரி, உன் இஷ்டம். உன் மெயில்ல இருந்தே அனுப்பு. எனக்கு காட்ட வேண்டாம்.

கோவம்னா போன் பண்ணித் திட்டு. அம்மாவுக்கு இன்னும் இதெல்லாம் தெரியாது.

அந்த நோட்டை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட திருப்பி வாங்கிடு, அவளுக்கு புது நோட்டு நான் வாங்கித் தர்றேன். போனஃபைட் மறந்துடாத.

அப்பா