உண்ணிச்செடியோடு மல்லுக்கு நின்ற உங்களுக்கு

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு,

எங்கள் விலங்குக் காப்பகத்தின் பின்பக்க நிலத்தைப் புதிதாக யாராவது பார்த்தால், இங்கே என்ன பெரிய வேலை நடந்துவிட்டது என்றுதான் கேட்பார்கள். புதர் போயிருக்கிறது, புல் வந்திருக்கிறது. அதற்கு உங்கள் இடுப்பும் முதுகும் என்ன பாடுபட்டன என்று எங்களுக்குத் தெரியும்.

உண்ணிச்செடி (லன்டானா) பார்க்க அழகாகத்தான் இருக்கும். தீவனம் குறைந்த நாளில் மாடோ ஆடோ அதைத் தின்றுவிட்டால் கல்லீரல் கெடும், வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாகும். மேலாக வெட்டினாலோ, அடிக்கட்டை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். நீங்கள் ஒவ்வொரு புதரடியிலும் மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வெட்டினீர்கள். பெயர்த்த செடி மறுபடி வேர்பிடிக்காமல் இருக்கத் தலைகீழாக வைத்துக் காயவிட்டீர்கள். ஜேசிபி வைத்தால் சீக்கிரம் முடியுமே என்றவர்களும் உண்டு. முடியும்தான். கூடவே புற்றுகளும் உடும்பு வளைகளும் போயிருக்கும், புரட்டிய மண்ணில் பார்த்தீனியம் என்ற களைச்செடி காடாக எழுந்திருக்கும்.

அந்தப் பார்த்தீனியம் மழைக்கு அப்புறம் எப்படியும் முளைத்தது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும் என்பதால் பூக்கும் முன்பே பிடுங்கியாக வேண்டும். முதல் நாள் கூட்டம் எங்கேயும் வரும். போட்டோ எடுக்கக்கூட ஒன்றுமில்லாத இந்த வேலைக்கு, கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு இரண்டாம் முறை வந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடலை முக்கியமாக எழுதுகிறேன்.

நாய்க்குட்டிகள் பக்கம் வேலை செய்தவர்களை மறக்க முடியாது. நாய்க்குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். அதனால் அங்கே புழங்கிய மண்வெட்டி வேறு பக்கம் போகக் கூடாது, வெளியே வரும்போதெல்லாம் செருப்பைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும் என்று படுத்தி எடுத்தோம். முணுமுணுக்காமல் செய்தீர்கள். சரி, கொஞ்சம் முணுமுணுத்தீர்கள்.

தண்ணீர் தேங்கிய பள்ளத்துக்கு வடிகால் வெட்டியவர்களுக்கும், பட்ட மரத்தை வெட்டவே விடாமல் அடம்பிடித்த மாணவிக்கும் நன்றி. அதன் பொந்தில் ஓர் ஆந்தை குடியிருக்கிறது. புங்கன், வேப்பங்கன்றுகளைச் சுற்றி முள் அடைத்தவர்களுக்கு இன்னொரு கும்பிடு. அந்த முள் இல்லையென்றால் எங்கள் நாய்கள் ஒவ்வொன்றாக வந்து காலைத் தூக்கியே கன்றுகளைக் கருக்கியிருக்கும்.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த மழை முடிந்ததும் மறுபடி கூப்பிடுவோம், போனை எடுங்கள். அப்புறம், பிடியில் பச்சைத் துணி சுற்றிய மண்வெட்டி ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. யாருடையது என்று சொன்னால் எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
காப்பகத்தில் இருக்கும் நாங்கள்