ஆசை நோட்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கையில் வரவு செலவைத் தவிர வேறொன்றும் இல்லை, தூக்கம்தான் வந்தது என்று இரண்டு மூன்று பேர் நேரிலேயே சொன்னீர்கள். சரி, இந்த முறை கணக்கைப் பொருளாளரிடமே விட்டுவிட்டேன். தணிக்கை முடிந்த கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். செயற்குழு மாதாமாதம் கூடியது, ஒரு மாதம் மட்டும் ஆள் சேரவில்லை. நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் ரேஞ்சில் இந்த வருஷமும் விபத்து எதுவும் இல்லை, இதை எழுதும்போது ஒவ்வொரு வருஷமும் மேசையைத் தொட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான் வழக்கமான அறிக்கை.

மீதி எல்லாம் அந்த நோட்டைப் பற்றி.

போன பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "ஒரு ஸ்பிரிங் உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரும் வரை மூன்று மாதம் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் நம்ம ஊரிலேயே செய்தால் என்ன" என்று கேட்டார். உடனே ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தீர்கள், கூட்டம் அன்றைக்கு முடியவே இல்லை. அதனால்தான் ஒரு நோட்டை வாங்கி ரேஞ்ச் அலுவலகத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். உள்ளூரில் என்ன செய்து தரவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

முதல் பத்துப் பக்கம் முழுக்க முழுத் துப்பாக்கிகள். பூ வேலைப்பாடு செய்த இரட்டைக் குழல் வேண்டும், தாத்தா வைத்திருந்தது போலவே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வேண்டும், பெயர் பொறித்த பிஸ்டல் வேண்டும் என்று கல்யாணத்துக்கு நகை எழுதுவது போல எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், விசையை அழுத்தியிருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கிற 'ஃபுல் ஆட்டோ' வேண்டும் என்று எழுதிப் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றும் வரைந்திருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன், விளையாட்டுக்குத்தான் என்றார். விளையாட்டுக்குக்கூட அந்த நோட்டில் அப்படி எழுத வேண்டாம் என்று சொல்லி அந்த வரியை அடித்துவிட்டேன். உரிமம் வைத்திருப்பவர்கள் நடத்துகிற சங்கம் இது.

பதினொன்றாம் பக்கத்திலிருந்து நோட்டு மாறுகிறது. யாரோ ஒருவர் 'ஓ ரிங்', அதாவது காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், அதற்குக் கீழே நான்கு பேர் 'எனக்கும்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் குறி பார்க்கிற பின்பக்க சைட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க ஒரு கட்டை, இடது கைக்காரருக்கு ஒரு கிரிப் (கைப்பிடி), பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தோளில் வைக்கிற, நீளம் குறைத்த பின்கட்டை, கன்னத் தாங்கிக்கு ஒரு திருகு. வருஷம் முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நாம் ஆசைப்படுவது துப்பாக்கிக்கு, தவிப்பது திருகுக்கு. திருகிலிருந்து ஆரம்பிப்போம் என்று செயற்குழுவில் சொன்னேன். சிலருக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். பேரல் என்கிற குழல், அதன் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட், இரண்டையும் தாங்குகிற ரிசீவர் இவை அழுத்தத்தைத் தாங்குகிற பாகங்கள், அரசு உரிமம் பெற்ற தயாரிப்பாளர் தவிர யாரும் இவற்றைத் தொடக்கூடாது. உரிமம் இருந்தாலும் சோதனை வேண்டும். வழக்கமான அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் தருகிற தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துகிற வழக்கம் ரொம்பப் பழையது. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637இல் சாசனம் கிடைத்தது, பர்மிங்ஹாமில் 1813இல் தனிச் சோதனைக் கூடமே வந்தது, 1914இல் பல நாடுகள் சேர்ந்து இதற்கென்று ஒரு சர்வதேச ஆணையம் வைத்துக்கொண்டன. ரைஃபிள் என்றால் இன்றைக்கும் அனுமதித்த உச்ச அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் கூட்டித்தான் சோதனை. கைதேர்ந்த லேத்காரர் ஒருவர் குழாயைக் கடைந்து தந்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழாயின் பின்பக்கத்துக்கு அரை அடி தள்ளி உங்கள் கன்னம் இருக்கிறது. பெயர் பெற்ற ரைஃபிள் கம்பெனிகளிலேயே சில, பேரலை மட்டும் அதற்கென்றே இருக்கிற தொழிற்சாலையிலிருந்து வாங்கிப் பொருத்துகின்றன. அவர்களே அப்படி என்றால் நாம் எந்த மூலை?

பிளாஸ்டிக்கில் அச்சிட்ட துப்பாக்கி 2013இல் செய்தியில் வந்ததிலிருந்து அதைப் பற்றியும் வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். கிரிப்புக்கு மாதிரி அச்சிட்டுப் பார்ப்பதோடு சரி. மற்றது பேச்சுக்கே இடமில்லை, இது தீர்மானமாகவே பதிவாகியிருக்கிறது.

சரி, கிரிப் கதைக்கு வருகிறேன்.

நம் சங்கத்தில் இடது கைக்காரர்கள் எத்தனை பேர் என்று நோட்டைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இதுவரை எல்லோரும் சத்தமில்லாமல் வலது கைக் கிரிப்பைத் துணி சுற்றிப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கரோலி தகாச் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஹங்கேரி ராணுவத்துக்காரர், 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று, இடது கையால் சுடப் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் தங்கம் வாங்கினார். அவர் கதையைச் சொல்லிச் சொல்லியே நாம் பசங்களை உற்சாகப்படுத்துகிறோம், ஆனால் இடது கைக்கு ஒரு கிரிப் வாங்கித் தரவில்லை.

மரவேலை செய்கிற ஒருவரைப் பிடித்தோம். மேசை நாற்காலி செய்பவர், பிஸ்டலைக் கையில் தொட்டதே இல்லை. துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வரக்கூடாது, உரிமக்காரர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், சாயங்காலம் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே நிபந்தனை. அவர் பத்து நிமிஷம் கிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டையும் உங்கள் கையும் போதும்" என்றார். களிமண்ணை உருட்டிக் கொடுத்து, சுடும்போது பிடிக்கிற மாதிரியே பிடிக்கச் சொன்னார். விரல் பதிந்த அந்த உருண்டையைப் பார்த்து அக்ரூட் மரத்தில் செதுக்கினார். வந்து சேர்ந்த கிரிப்பை நான் கையில் வாங்கிப் பார்த்தேன், நான் வலது கைக்காரன், எனக்குப் பொருந்தவில்லை, ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

அந்தக் கிரிப்போடு போட்டிக்குப் போனார் நம் உறுப்பினர். அழுத்தக் காற்றால் சுடுகிற ஏர் பிஸ்டல் என்றால் முழுத் துப்பாக்கியும் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அடங்கவில்லை. உள்ளங்கைத் தாங்கி மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது. கருவிச் சோதனை அலுவலர் பாவம், அவரும் இரண்டு தடவை திருப்பி வைத்துப் பார்த்தார். போட்டி தொடங்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது, வாகனம் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து அந்த அழகான மரத்தை அரத்தால் ராவினோம். அவர் ராவ, நான் தூசியை ஊத, பக்கத்தில் நின்ற இன்னொரு சங்கத்துக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவழியாகப் பெட்டிக்குள் போயிற்று. அன்றைக்கு அவர் சுட்ட ஸ்கோரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

தப்பு மரவேலைக்காரர் மேல் இல்லை. அளவு கொடுக்காதது நாம்தான். உள்ளங்கைத் தாங்கி கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதிர்ஷ்டவசமாக அதில் தப்பித்தோம். அதற்கப்புறம் ப்ளைவுட்டில் நாமே அந்த அளவுக்கு ஒரு பெட்டி செய்து ரேஞ்சில் வைத்தோம். இந்த வருஷத்தில் சங்கம் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான் என்று பொருளாளரே ஒப்புக்கொள்கிறார், அவர் அப்படியெல்லாம் சுலபமாகச் சொல்லுகிறவர் இல்லை. ஒன்று கவனியுங்கள், காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஊதும். போன மாதம் பெட்டிக்குள் போன கிரிப் இந்த மாதம் போகாது. போட்டிக்கு முந்தின நாள் ஒருமுறை வைத்துப் பாருங்கள், எண்ணெய் பூசி வையுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் நமக்கு அடிதான். ஒரு ட்ரிகர் ஸ்பிரிங் உடைந்தது, பட்டறையில் கொடுத்து அதே அளவில் சுற்றி வாங்கினோம். முதல் வாரம் பிரமாதம். இரண்டாம் வாரத்திலிருந்து ட்ரிகர் இளகிக்கொண்டே போயிற்று. ஏர் பிஸ்டலில் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, எடைக்கட்டியைத் தொங்கவிட்டுத் தூக்கினால் ட்ரிகர் விழாமல் தாங்க வேண்டும். நம்முடையது விழுந்தது. சூடாக்காமல் சுற்றிய ஸ்பிரிங்கை மிதமான சூட்டில் வைத்து இறுக்கம் தணித்து எடுக்காவிட்டால் அது சுற்றிய உருவத்தில் நிற்காது என்று பிறகுதான் தெரிந்தது. நமக்கு அது போட்டியிலிருந்து ஒருவரை நீக்குகிற சமாச்சாரம் மட்டுமில்லை, ட்ரிகர் இளகினால் பாதுகாப்புப் பிரச்சினை. அதனால் ட்ரிகருக்குள் போகிற எதையும் உள்ளூரில் செய்வதில்லை, ஒரிஜினலை முன்கூட்டியே வாங்கி இருப்பு வைப்பது என்று முடிவு. நோட்டில் 'ட்ரிகர் வேலை' என்று எழுதிய ஆறு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓ ரிங் பற்றி ஐந்து பேர் எழுதியதற்குப் பதில்: கிடைக்கும், ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று எதையாவது மாட்டாதீர்கள். துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது, ரப்பரின் கடினமும் தடிமனும் சரியாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த கிரீஸைத் தடவவும் கூடாது, பெட்ரோலிய எண்ணெயும் அழுத்தக் காற்றும் சேர்ந்தால் ஆபத்து, சிலிகான் கிரீஸ்தான். சிலிண்டரையே உள்ளூரில் செய்யலாமா என்று கேட்டவருக்கு ஒரே சொல்லில் பதில், கூடாது. கம்பெனி சிலிண்டருக்கே பத்து வருஷம்தான் ஆயுள், தேதியைப் பாருங்கள். இந்த வருஷம் நான் பார்த்ததில் இரண்டு சிலிண்டர் தேதி தாண்டியிருந்தது. யார் என்று சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். சொந்தமாக லேத் வைத்திருக்கிற நம் உறுப்பினர் ஒருவர், பின் சைட்டை உயர்த்துகிற அலுமினியக் கட்டையைச் செய்துகாட்டினார். 11 மில்லிமீட்டர் சரிவுப் பள்ளத்தில் உட்கார வேண்டிய சாமான். முதல் கட்டை ஏறவே இல்லை. இரண்டாவது ஆடியது. மூன்றாவது கச்சிதம். உடனே இன்னும் ஒன்பது வேண்டும் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது, ஏனென்றால் மூன்றாவதை அவர் அளந்து செய்யவில்லை, அரத்தால் ராவி ராவி அந்த ஒரு ரைஃபிளுக்கென்று பொருத்தியிருந்தார். 1785இல் பிரான்ஸில் ஒனோரே ப்ளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், பிரித்துப் போட்ட பாகங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தி மஸ்கெட் துப்பாக்கியின் லாக்குகளை, அதாவது சுட வைக்கிற பொறிகளை, சேர்த்துக் காட்டியதைப் பார்த்து அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அசந்துபோய்த் தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். அதில் அசர என்ன இருக்கிறது என்று படித்தபோது நினைத்தேன், நம்மவர் பட்டறையில் நின்றபோது புரிந்தது. அவர் விடவில்லை, அளவு காட்டும் கட்டை ஒன்றைத் தனியாகச் செய்துகொண்டு, இப்போது எந்த ரைஃபிளிலும் ஏறுகிற மாதிரி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். கூலி வேண்டாம் என்றார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், இனாமாக வாங்கினால் அடுத்த முறை கேட்க வாய் வராது.

பின்கட்டையில் பொருத்துகிற தகடுகளை ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தோம், முன்பணம் வாங்கிக்கொண்டு எட்டு மாதம் இழுத்தடித்தார்கள், அது என்ன ஆயிற்று என்று விசாரித்தீர்கள். வந்தது, மரை சேரவில்லை. வரைபடம் தராமல் தேய்ந்துபோன பழைய தகட்டை மாதிரியாகக் கொடுத்தது நம் தவறு, எட்டு மாதம் அவர்கள் தவறு. பாதிப் பணம் திரும்பி வந்தது.

பசங்களுக்கான வேலை மட்டும் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகப் போயிற்று. பெரியவர்களுக்கான ரைஃபிளைச் சின்னப் பிள்ளைகள் தோளில் வைத்தால் உடம்பு பின்னால் வளைந்து, கழுத்து நீண்டு, பார்க்கவே சங்கடம். அதே மரவேலைக்காரர் கழற்றி மாட்டுகிற மாதிரி வெவ்வேறு தடிமனில் கட்டைகள் செய்து கொடுத்தார், பிள்ளை வளர வளர ஒரு கட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். நோட்டில் எழுதியிருந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் இரண்டு கட்டை சேர்த்துவிட்டாள்.

ஏர் ரைஃபிளில் போடுகிற ஈயக் குண்டு, அதாவது பெல்லட் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். உள்ளூர் பெல்லட் ஒன்றை ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கி வைத்து 10 மீட்டரில் சுட்டுப் பார்த்தோம். ஐந்து குண்டு ஒரே ஓட்டையில், ஆறாவது தனியாக எங்கோ. 10 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர்தான், அந்த ஆறாவது குண்டை நம்பிப் போட்டிக்குப் போக முடியாது. பெரிய கம்பெனிகள் தலை அளவை 4.48, 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பிரித்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பெல்லட் தாராளமாகப் போதும். ஈயம், கை கழுவுங்கள், நூறு தடவை சொல்லியாயிற்று.

அடுத்த வருஷத்துக்கு நான்கு இடது கைக் கிரிப், இந்த முறை அளவோடும் வரைபடத்தோடும். சைட் கட்டை தேவைப்படுகிறவர்கள் லேத்காரரிடம் நேரடியாகப் போகாமல் என்னிடம் சொல்லுங்கள், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. பூ வேலைப்பாட்டு இரட்டைக் குழல் கேட்டவர் வருத்தப்பட வேண்டாம், அவருடைய பக்கத்தைக் கிழிக்கவில்லை, உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஒருவரிடம் விசாரித்துக் கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் சொல்கிறேன்.

நோட்டு முடிந்துவிட்டது, புதிது மாட்டியிருக்கிறேன். கூடவே நூலில் கட்டி வைத்திருந்த பேனாவை யாரோ நூலோடு எடுத்துப் போய்விட்டீர்கள். திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்