கொழுந்தெடுக்கும் நேரத்தில் மலைக்குள் ஆளை இறக்காதீர்கள்

இலங்கையின் மலையகச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், ஒருநாள் சுற்றுலா நடத்தும் முகவர்களுக்கும், வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் நேரத்தில் உங்கள் பயணிகளை மலைக்குள், அதாவது தேயிலைச் செடிகளுக்குள், இறக்காதீர்கள். இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால், அங்கே நிரை பிடித்து, அதாவது வரிசையாக, கொழுந்தெடுத்த பெண்களுக்கு அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுவதற்கு நீங்கள் பொறுப்பெடுங்கள். மடலின் மீதியை வாசிக்க நேரம் இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நேரம் உள்ளவர்களுக்குக் காரணத்தையும் சொல்கிறேன். லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் பெப்ரவரியில் வந்திருந்தாள். கண்டியிலிருந்து போய்த் திரும்பும் ஒருநாள் சுற்றுலா ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, "நீயும் வாக்கா, ஒங்க ஊர நீ டூரிஸ்டா பாத்ததே இல்லல்ல" என்று என்னையும் வேனில் ஏற்றினாள். ரம்பொடை நீர்வீழ்ச்சி, சுரங்கப்பாதை, அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், தேயிலைத் தொழிற்சாலை, நுவரெலியா, நானுஓயாவில் கொஞ்ச தூரம் ரயில். உங்கள் எல்லோருடைய நிகழ்ச்சி நிரலும் ஏறக்குறைய இதுதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு வளைவில் வேன் நின்றது. முன்னாலேயே இரண்டு வேன்கள் அங்கே நின்றன. சாலையை ஒட்டிய மலையில் பத்துப் பதினைந்து பெண்கள் நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி கைதட்டி அவர்களை நிறுத்தினார். யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. பயணிகள் செடிகளுக்கிடையில் இறங்கினார்கள். ஒரு சிறுவன் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை எடுத்து வாள் சுழற்றினான். ஒரு பெண்ணின் தலையிலிருந்து கொழுந்துப் பையைக் கழற்றி, வேனில் வந்த ஓர் அம்மையாரின் தலையில் மாட்டிவிட்டார் வழிகாட்டி. அப்புறம் அவருடைய கணவர், அப்புறம் மகள். பையைக் கொடுத்த பெண் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பை இல்லாமல் கொழுந்தெடுத்து எதில் போடுவார்? மேலே கங்காணி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவரும் இல்லை போல.

நாங்கள் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் மெதுவாக, "தங்கச்சி, கொஞ்சம் சுருக்கா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நிறுவைக்கு ஏறணும்" என்றார். வழிகாட்டி அந்நேரம் பயணிகளுக்கு, இவர்களுக்கு வீடு இலவசம், வைத்தியம் இலவசம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இலவசம், கவலையில்லாத மக்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் இருக்கும். வேன் கிளம்பியது. பின்னால் இன்னொன்று வந்து நின்றது.

அன்று மாலை அந்தப் பெண்ணுக்கு எத்தனை கிலோ நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் கொழுந்தெடுத்தவளின் மகள். கணக்கு எனக்குத் தெரியும், அதை உங்களுக்காக ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு நாள் பேர் விழ 18 கிலோ வேண்டும். சில தோட்டங்களில் 20. எட்டு மணி நேர வேலையில் 18 கிலோ என்றால் மணிக்கு இரண்டேகால் கிலோ. உங்கள் இருபது நிமிடம் முக்கால் கிலோ. ஒரு நாளைக்கு மூன்று வேன் என்று வைத்துக்கொண்டால் இரண்டேகால் கிலோ, அதாவது முழுசாக ஒரு மணி நேர உழைப்பு. கொழுந்தை எடை பார்க்கும் நிறுவையில் பைக்கென்று கழிப்பார்கள், ஈரக் கொழுந்து என்றால் தண்ணிக்கென்று கழிப்பார்கள். சுற்றுலாவுக்கென்று கழிப்பு எந்தத் தோட்டத்திலும் பதிவில் இல்லை, ஆனால் அதுவும் அந்தத் தராசில்தான் விழுகிறது. 18-க்குப் பதில் 16 நின்றால் கணக்கில் அரைப்பேர். 2024-இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாள் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் பாதி 675. சம்பளத்தின் விகிதமாகப் போகும் ஊழியர் சேமலாப நிதியும் அதோடு குறையும். உங்கள் பயணி ஊருக்குக் கொண்டுபோகும் ஒரு சிரித்த முகப் படம், அந்த முகத்துக்குரியவரின் கிழவயதுக் காசிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். திம்புள்ளைப் பக்கத்தில் தேயிலைக்கு வாசம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரையான பனியும் வறட்சியும் கலந்த மாதங்களில்தான். ஊவாவில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஏலத்தில் விலை ஏறும் அந்த மாதங்களில் செடியில் துளிர் குறைவு. நாள் முழுக்க விரல் ஓடினாலும் கிலோ ஏறாது. வானம் வெளுத்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், படம் நன்றாக விழும். அதனால் உங்கள் வேன்களும் அந்த மாதங்களில்தான் வரிசையாக ஏறுகின்றன. என் சின்னம்மா இன்னும் மலைக்குப் போகிறார். காலையில் பிரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், சாலையோர மலை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும் அவருக்கு. உள் மலை கொடுத்தால், ஏற்றம் செங்குத்தாக இருந்தாலும் பேசாமல் போய்விடுவார்.

"சும்மாவா படம் எடுக்கிறார்கள், காசு கொடுக்கிறார்களே?" என்று உங்களில் ஒருவர் கேட்பார். கொடுக்கிறார்கள். எல்லோரும் அல்ல, எல்லா நேரமும் அல்ல. கொடுத்தாலும், சாலைக்குப் பக்கத்தில் நின்று சிரித்த ஒருவர் கையில் நூறு ரூபாய் தாள் ஒன்று போய்ச் சேரும். வேலை நின்றது நிரை முழுக்க. காசுக்காகச் சிரிக்க வைப்பதும், வாங்கிய காசைப் பங்கு பிரிப்பதில் பெண்களுக்குள் சண்டை மூட்டுவதும் உங்கள் நோக்கம் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் நடப்பது அதுதான். சில இடங்களில் காதில் கம்மலும் பளிச்சென்ற சேலையும் பிரம்புக் கூடையுமாகப் படத்துக்கென்றே பெண்களை நிறுத்துகிறார்கள். அதில்கூட எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அவருக்கு அதுதான் அன்றைய வேலை, அதற்குக் கூலி உண்டு. இடுப்பில் படங்கு கட்டி, பழைய சட்டை போட்டு, நிஜமாகக் கொழுந்தெடுக்கிறவரை நிறுத்துவதில்தான் ஆட்சேபம்.

வழிகாட்டிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே நாளில் எத்தனை இடம், எத்தனை கடை, எந்தக் கடையில் எவ்வளவு கமிஷன் என்று அவர்கள் கழுத்திலும் கத்தி இருக்கிறது. ஆனாலும் கதை சொல்வது உங்கள் தொழில் என்றால் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லலாம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையை நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். அவர் உட்கார்ந்த கல் இருக்கைக்குக்கூட ஆட்களைக் கூட்டிப்போகிறீர்கள். அதே ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில், 1940 ஜனவரியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தன் பெயரை உங்கள் யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. தேயிலை முதலாளி லிப்டன் உட்கார்ந்த இடம் தெரிகிறது. ரயில் பாதை 1885-இல் நானுஓயாவுக்கும் 1924-இல் பதுளைக்கும் வந்தது தெரிகிறது. தெமோதரைப் பாலத்துக்கு ஒன்பது வளைவு என்று எண்ணிக் காட்டத் தெரிகிறது. இந்தத் தேயிலையை எடுத்தவர்களின் குடியுரிமை 1948-இல் பறிபோனதும், 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்ததும், கடைசி ஆளுக்கும் வழி செய்யும் சட்டம் வர 2003 ஆனதும் வேன் ஜன்னலில் தெரிவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத் தூரத்திலிருந்து காட்டி, இலவச வீடு என்கிறீர்கள். அந்த இலவசத்தில் ஒரு இரவு தங்கும் பொதி ஒன்றை அறிமுகப்படுத்துங்களேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, மழை பெய்தால் கூரையிலிருந்து தாளம், எல்லாம் உட்பட. நல்ல விலைக்குப் போகும்.

கழிப்பறை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் நிகழ்ச்சி நிரலில் அதற்கென்றே நிறுத்தம் இருக்கிறது. அதில் தவறில்லை. எங்கள் வேன் நின்ற தேயிலை நிலையத்தில் வெந்நீர் வந்தது, சோப்பு மணத்தது, கதவில் விருந்தினருக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அங்கிருந்து கண்ணுக்கெட்டிய தூரத்தில் எட்டு மணி நேரம் மலையில் நிற்கிறவர்களுக்கு ஒரு தகரக் கதவு வைத்த கூண்டுகூட இல்லை. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டிவரும் என்று வெயிலில் தண்ணீர் குடிக்காமலே நிற்பார்கள். சலங்கடுப்பு வராத பெண் எங்கள் லயத்தில் அபூர்வம். பிரசுரத்தில் "பச்சைக் கம்பளம்" என்று போட்டிருக்கிறீர்கள். கம்பளத்துக்குப் பின்னால்தான் அவர்கள் ஒதுங்க வேண்டியிருக்கிறது.

எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் நுவரெலியா ஹோட்டல்களிலும், எல்லவில் தேத்தண்ணிக் கடைகளிலும், உங்கள் வேன்களிலும்தான் சம்பாதிக்கிறார்கள். வருகிறவர்கள் வரட்டும், பார்க்கட்டும். கொழுந்து எப்படி எடுப்பது, ரெண்டு இலை ஒரு மொட்டு எப்படிக் கிள்ளுவது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நல்ல ஆசை. அதைக் கற்றுத்தர எங்கள் பெண்களைவிட ஆள் கிடையாது.

ஆகவே தாழ்மையாகக் கேட்பது: தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலையை விருந்தினருக்கென்று ஒதுக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகங்களோடு பேசுங்கள். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பேர், விருப்பப்பட்டவர்கள் மட்டும், முறை வைத்து நிற்கட்டும். அவர்களுக்குக் கிலோ பார்க்காமல் முழுப் பேர் போடட்டும். செலவை டிக்கெட்டில் சேருங்கள். லண்டன்காரியிடம் கேட்டுப் பார்த்தேன், அந்தத் தொகையை அவள் கவனித்திருக்கவே மாட்டாளாம். சாலையோர மலையில் நிரை ஓடும்போது வேன் நிற்க வேண்டாம். நின்றே தீரவேண்டும் என்றால் பயணி சாலையில் நின்று பார்க்கட்டும், செடிக்குள் இறங்க வேண்டாம், யார் தலையிலிருந்தும் பையைக் கழற்ற வேண்டாம். வழிகாட்டி உரிமம் கொடுக்கும் பயிற்சியில் நிறுவை என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். கோவிந்தனுக்கும் ஐந்து நிமிடம் கிடைத்தால் நன்றி.

இது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேல் கொத்மலை மின்திட்டம் கட்டியபோது, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி பார்வைக்கு வற்றிவிடக் கூடாது என்று தண்ணீர் விடுவதற்கே நிபந்தனை போட்ட நாடு இது. பாறைமேல் விழும் தண்ணீருக்கு நேரம் ஒதுக்க முடிந்தவர்களிடம், வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணின் நேரத்தைத் தொடாமல் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலம் தொடங்கிவிடும். கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், வளைவுக்கு வளைவு வேன் நிற்கும். அதற்குள் ஒரு பக்கச் சுற்றறிக்கை எல்லா முகவர்களுக்கும் போய்ச் சேர்ந்தால் போதும்: கொழுந்தெடுக்கும் நேரத்தில் மலைக்குள் ஆளை இறக்காதீர்கள், இறக்கினால் முழுப் பேருக்கு நீங்கள் பொறுப்பு. மூன்று மொழியிலும் போடுங்கள். தமிழ்ப் பகுதியை அச்சுக்கு அனுப்புமுன் எனக்கு அனுப்பினால் எழுத்துப் பிழை பார்த்து அன்றைக்கே திருப்பித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை