ஷோரூமுக்கு முன் சிபில் அறிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் கடன் பற்றித் தங்கள் பெங்களூரு பதிப்பில் வந்த கட்டுரையில், சிபில் மதிப்பெண் (வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண்) குறைந்தவர்கள் 'நாலு இடத்தில் முயன்று பார்க்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. செய்யவே கூடாதது அதுதான்.

ஷோரூமில் ஆதார், பான் நகலைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டதும், அங்கேயே உட்கார்ந்திருக்கும் கடன் ஏஜென்ட் ஒரே நாளில் நாலைந்து நிறுவனங்களில் ஃபைலை 'லாகின்' செய்துவிடுவார், அதாவது கடன் விண்ணப்பமாகப் பதிந்துவிடுவார். ஒவ்வொரு லாகினும் நம் கடன் அறிக்கையில் ஒரு விசாரணையாக ஏறும். அடுத்துப் பார்க்கும் வங்கிக்கு, இவர் கடனுக்கு அலைகிறார் என்று தோன்றும். மதிப்பெண்ணும் இறங்கும். ஒரே இடத்தில் மட்டும் லாகின் செய்யச் சொல்லுங்கள்.

நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் நம்மவர்களுக்கு முதல் சிக்கல் பெயர். ஆதாரில் இனிஷியல் இருக்கும். பானில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இதனால் ஒழுங்காகக் கட்டிய பழைய டிவி தவணை வேறொரு கோப்பில் கிடக்கலாம். அதே பெயர்க்காரர் ஒருவரின் பாக்கி நம் தலையில் ஏறியிருக்கலாம். ஆன்லைனில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

அடுத்தது அறிக்கையில் வரும் 'செட்டில்டு' என்ற குறிப்பு, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடித்த கணக்கு. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கிக்கு 25,000 கட்டி முடித்துக்கொண்டால் கணக்கு 'குளோஸ்டு', அதாவது முழுசாக அடைத்தது, ஆகாது. மீதி 35,000-ஐயும் கட்டி, நிலுவையில்லை என்று எழுதி வாங்கி, அதை அறிக்கையில் ஏற்றச் சொல்ல வேண்டும். மகளிர் குழுக் கடனும், பிறருக்குப் போட்ட ஜாமீனும்கூட அறிக்கையில் வரும். சீட்டு வராது. பத்து வருடம் தவறாமல் சீட்டுக் கட்டியிருந்தாலும் சிபில் கணக்கில் அது சேராது. அநியாயம், ஆனால் நடைமுறை அது.

கடனே வாங்காதவர் மதிப்பெண் இடத்தில் -1 என்று இருக்கும். முன்கடன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனாலும் வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள். சிவாஜிநகரில் ரொக்கத்தில் கடை நடத்துபவர் வருமான வரிக் கணக்கும், வசூல் பணம் ஒழுங்காக ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டும் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நேரம் இருந்தால் ஃபிக்சட் டெபாசிட்டின் மேல் ஒரு கார்டு எடுத்து, ஆறு மாதமாவது பில்லை முழுசாகக் கட்டி வரலாம்.

மதிப்பெண் குறைந்தவர் கையிலிருந்து போட வேண்டிய பணமும் கூடும். எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராதது) 7 லட்சம் என்றால், 80 சதவீதம்தான் கடன் என்று சொன்னாலே 1.40 லட்சம் நம்முடையது. கர்நாடகத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம், அது 98,000. அதற்குமேல் செஸ், இன்சூரன்ஸ். இவற்றைக் கடனில் சேர்க்காத நிறுவனங்கள் உண்டு; முதலிலேயே கேளுங்கள்.

வட்டியை 'ஃபிளாட்' கணக்கில், அதாவது கடைசிவரை முழு அசலுக்கும் போட்டு, சொன்னால் உஷார். 5 லட்சம், 5 வருடம், ஃபிளாட் 8 சதவீதம் என்றால் வட்டி 2 லட்சம், தவணை 11,667. குறையும் அசலின் மேல் கணக்குப் போட்டால் இது 14 சதவீதத்துக்கும் மேல்! 2024 அக்டோபர் முதல் கட்டாயமான முக்கிய விவரத் தாளில் (கடன் தருபவர் தரும் விவரப் பட்டியல்) ஏபிஆர், அதாவது கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம், என்ற வரியைப் பாருங்கள். பிராசஸிங் கட்டணமும் அதில் அடங்கிவிடும். முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கும்.

கடைசித் தவணையோடு வேலை முடியாது. வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணையில்லைச் சான்று) கடன் பதிவை நீக்கக் கேட்கும் ஃபாரம் 35-ம் ஆர்டிஓவுக்குப் போய் ஆர்சியிலிருந்து வங்கி பெயர் நீங்க வேண்டும். என்ஓசியின் ஆயுள் பெரும்பாலும் 90 நாள். பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள், வண்டியை விற்கும்போது மறுபடி அதே கிளையில் வரிசையில் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
கடன் ஆவணப் பணியில் உள்ள வாசகர்,
அல்சூர், பெங்களூரு